மாணவச் சம்பளத்தில் கனவுக் கார்: டர்பன் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், வெருலம், டோங்காட் என்று நம் தமிழர்கள் இருக்கும் எந்தப் பகுதியிலும், பதினெட்டு முடிந்த பிள்ளைகள் பேச ஆரம்பிப்பது காரைப் பற்றித்தான். பள்ளி இறுதி ஆண்டு விருந்தான மெட்ரிக் டான்ஸ் அன்று வாடகைக்கு வந்து நின்ற வண்டி மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு கல்லூரி, கடையில் பகுதி நேர வேலை, கையில் முதல் சம்பளம். உடனே கணக்கு ஆரம்பம்.

கார் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கேட்பதும், அவர்களுடைய அப்பா அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதும் கீழே உள்ளன. எனக்கும் கார் என்றால் உயிர். கனவை விடச் சொல்லி இதை எழுதவில்லை. கணக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு, இருபது வயதிலேயே கடனாளியாகும் பிள்ளைகளைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன்.

பகுதி நேர வேலையில் கைக்கு எவ்வளவு வரும்?

2025 மார்ச் 1 முதல் ஓராண்டுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது; கீழே உள்ள கணக்கு அதை வைத்துத்தான். வாரம் 20 மணி நேரம் வேலை செய்தால் மாதம் ஏறத்தாழ 2,490 ரேண்ட். அதில் ஒரு சதவீதம் யு.ஐ.எஃப். எனும் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குப் பிடிப்பார்கள். வருமான வரி வராது. 2025-26 கணக்கில் ஆண்டு வருமானம் 95,750 ரேண்டைத் தாண்டினால்தான் வரி இருந்தது.

மணிக்கு 40 ரேண்ட் தரும் கடை கிடைத்தால் மாதம் 3,460 வரை வரும். டிசம்பர் விடுமுறையில் கேட்வே, பெவிலியன் போன்ற மால்களில் முழு நேரமாக, வாரம் 45 மணி நேரம் நின்றால், குறைந்தபட்சக் கூலியிலேயே அந்த மாதம் 5,600 தேறும்.

இரண்டு விஷயத்தைப் பல பிள்ளைகள் கேட்டு வாங்குவதில்லை. உங்களை வரச்சொல்லிவிட்டு இரண்டு மணி நேரத்தில் 'கூட்டம் இல்லை, வீட்டுக்குப் போ' என்றாலும், நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வழக்கமான வேலை நாள் என்றால் அன்றைக்கு ஒன்றரை மடங்கு, வழக்கமில்லாத நாள் என்றால் இரட்டிப்பு. பேஸ்லிப்பை மாதாமாதம் எடுத்துப் பாருங்கள். காருக்கான முதல் பணம் அங்கேதான் தொலைகிறது.

இந்தச் சம்பளத்துக்கு வங்கி லோன் கொடுக்குமா?

பெரும்பாலும் கொடுக்காது. அதற்காக வங்கியைத் திட்டாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, கடன் கொடுப்பவர் உங்கள் வரவையும் செலவையும் பார்த்து, கட்ட முடியுமா என்று சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். சோதிக்காமல் கொடுத்தால் அது பொறுப்பற்ற கடன். நீதிமன்றம் அதை நிறுத்தி வைக்கவும் முடியும்.

ஒரு சின்னக் கணக்கு. 1,20,000 ரேண்டுக்கு ஒரு பழைய சிறிய கார். 20,000 முன்பணம் போட்டு மீதி ஒரு லட்சத்தை 12 சதவீத வட்டியில் 60 மாதத்துக்கு எடுத்தால், தவணை 2,224 ரேண்ட். அதாவது நீங்கள் நின்று சம்பாதிக்கும் பணம் ஏறத்தாழ முழுவதும் போய்விடும், பெட்ரோல் டேங்க் இன்னும் காலி. மனுவைப் பார்க்கிறவர் வேறு என்ன முடிவெடுப்பார்?

ஒரு எச்சரிக்கை. 'பேஸ்லிப்பைச் சரி பண்ணித் தருகிறேன், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் தருகிறேன்' என்று கார் விற்கும் இடங்களைச் சுற்றி ஆட்கள் திரிவார்கள். அது மோசடிக் குற்றம். அதோடு, நீங்கள் பொய்த் தகவல் கொடுத்திருந்தால் சட்டம் தரும் பாதுகாப்பும் போய்விடும். பின்னால் வழக்கு வந்தால் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

ஜி.டி.ஐ.தான் வேண்டும். தவணை எவ்வளவு வரும்?

டர்பனில் கனவுக் கார் என்றால் பத்தில் ஐந்து பேர் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின் வேகமான கோல்ஃப் ஜி.டி.ஐ. என்பார்கள். புதியதன் விலை 8 லட்சம் ரேண்டைத் தாண்டும், அதை விடுங்கள். சில வருடம் ஓடிய ஒன்று 3 லட்சம் ரேண்டுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் இல்லை, வட்டி 12 சதவீதம், 72 மாதம். தவணை மாதம் 5,865. ஆறு வருடத்தில் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 4,22,000. அதாவது 1,22,000 ரேண்ட் வட்டிக்கு மட்டும். இதோடு வங்கியின் சேவைக் கட்டணம் மாதம் 69 ரேண்ட்.

உங்களுக்கு 12 சதவீதம்தான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேலே மூன்றரை சதவீதம் வைத்தால் பிரைம் விகிதம், அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி. கடன் வரலாறு இல்லாத இளைஞருக்குப் பிரைமுக்கு மேலேதான் வரும். பிரைமோடு சேர்ந்து ஏறி இறங்கும் வட்டி என்றால் தவணையும் மாறும். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை பிரைம் 11.75-இல் நின்றபோது, முன்பு குறைந்த வட்டியில் வாங்கியவர்கள் பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

டீலர் 'பலூன்' போட்டால் தவணை குறையும் என்கிறாரே?

குறையும். எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். அதே 3 லட்சம் காருக்கு 30 சதவீத பலூன், அதாவது 90,000 ரேண்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், தவணை 5,865-லிருந்து 5,005-க்கு இறங்கும். மாதம் 860 ரேண்ட் மிச்சம் போலத் தெரியும். 72 மாதம் முடிந்ததும் 90,000 ரேண்டை ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் கூட்டினால் ஏறத்தாழ 4,50,000. தவணையைக் குறைத்ததற்காக 28,000 ரேண்ட் கூடுதல் வட்டி.

அந்த 90,000 கையில் இல்லாதவர் என்ன செய்வார்? மறுபடி கடன் போட்டு, அதே காரை இன்னும் மூன்று நான்கு வருடம் கட்டுவார். காருக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. தெரிந்து, திட்டமிட்டு பலூன் எடுப்பவர்கள் உண்டு. கம்பெனி அலவன்ஸில் கார் ஓட்டுபவர்கள் அப்படி. மாணவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'கடைசி ரேண்ட் வரை நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?' அந்தத் தொகையை உங்களுக்கு எழுத்தில் காட்டியாக வேண்டும். மாதத் தவணையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறவரிடமிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

தவணை போக வேறு என்னென்ன செலவு?

சாட்ஸ்வொர்த்திலிருந்து வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்வர நாளுக்கு 30 கிலோமீட்டர் என்று வைப்போம். மாதம் 20 நாள், 600 கிலோமீட்டர். சின்ன வண்டி நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்தால் 42 லிட்டர், ஜி.டி.ஐ. நகர நெரிசலில் 10 லிட்டர் குடித்தால் 60 லிட்டர். லிட்டர் 21 ரேண்ட் என்று போட்டால் முன்னதற்கு 882, பின்னதற்கு 1,260. வேலைக்குப் போவது, சனிக்கிழமை நண்பர்களோடு சுற்றுவது, வெள்ளிக்கிழமை ஆயாவைக் கோவிலுக்கு அழைத்துப் போவது எதுவும் இதில் இல்லை. பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ஜோஹன்னஸ்பர்க்காரர்களை விட நமக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

டயர், பிரேக் பேட், பேட்டரி, வருடா வருடம் வண்டி உரிமத்துக்கான லைசென்ஸ் டிஸ்க், மரிட்ஸ்பர்க் பக்கம் போனால் மரியன்ஹில் டோல். பழைய ஜி.டி.ஐ.யில் சர்வீஸ் பிளான் முடிந்திருக்கும். அதன் ஆறு கியர் டி.எஸ்.ஜி. எனும் தானியங்கி கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைத் தள்ளிப்போட்டிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். ஜி.டி.ஐ.க்கு 18 அங்குல டயர், சின்ன வண்டிக்கு 13 அங்குலம். டயர் கடையில் போய் இரண்டின் விலையையும் கேட்டுவிட்டு வாருங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

இன்சூரன்ஸ் கட்டாயமா?

சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் லோனில் வாங்கிய காருக்கு முழு இன்சூரன்ஸ் இல்லாமல் வங்கி சாவியைக் கொடுக்க விடாது.

'ஆர்.ஏ.எஃப். இருக்கிறதே' என்று சிலர் நினைக்கிறார்கள். சாலை விபத்து நிதிக்கு நாம் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் பணம் கட்டுகிறோம், உண்மை. அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். காருக்கு ஒரு பைசா கிடையாது. நீங்கள் இடித்த கார் ஒரு பெரிய மெர்சிடீஸ் என்றால், அதைச் சரிசெய்யும் பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்து போக வேண்டும். ஆகவே ரொக்கத்தில் வாங்கிய பழைய வண்டிக்கும் குறைந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள். திருட்டும் தீயும் சேர்ந்து வரும் வகை இன்னும் நல்லது.

25 வயதுக்குக் கீழே, லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம்கூட ஆகாதவர் என்றால் பிரீமியமும் அதிகம், விபத்தில் நீங்கள் முதலில் கட்ட வேண்டிய 'எக்ஸெஸ்' தொகையும் அதிகம். காரைத் தேர்ந்தெடுத்த பிறகு இன்சூரன்ஸ் விலை கேட்காதீர்கள். முதலில் மூன்று இடத்தில் அந்த மாடலுக்கு, உங்கள் வயதுக்கு, உங்கள் வீட்டு முகவரிக்கு விலை கேட்டுவிட்டு, பிறகு காரைப் போய்ப் பாருங்கள். வேகமான காருக்கு டிராக்கரும் போடச் சொல்வார்கள். அதற்கும் மாதக் கட்டணம் உண்டு.

அப்பா பெயரில் இன்சூரன்ஸ் போட்டுவிட்டு நான் ஓட்டினால் மலிவு என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். 'வழக்கமாக ஓட்டுபவர் யார்?' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். அங்கே அப்பா பெயரைப் போட்டுவிட்டு, நடைமுறையில் கார் தினமும் உங்கள் வளாகத்து வாசலில் நின்றால், விபத்து நடந்த அன்று விசாரிக்க வருகிறவர் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார். வாசல் காவலாளியிடம் கேட்பார், டிராக்கர் பதிவைப் பார்ப்பார். கோரிக்கை தள்ளுபடி. கார் நொறுங்கிக் கிடக்கும், லோன் தவணை மட்டும் உயிரோடு இருக்கும். அதுவும் அப்பாவின் பெயரில்.

கார் அப்பாவுடையதாக இருக்கலாம், பிரீமியத்தை அப்பாவே கட்டலாம். தவறில்லை. ஓட்டுபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும், லைசென்ஸ் எடுத்த சரியான தேதியும் இருக்க வேண்டும்.

(ஒரு தாயின் கேள்வி) மகன் ரொம்ப ஆசைப்படுகிறான். நாங்கள் லோன் எடுத்துக் கொடுக்கலாமா? அவன் மாதாமாதம் எங்களிடம் தந்துவிடுவதாகச் சொல்கிறான்.

அம்மா, அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும். அவனுடைய வேலைதான் உறுதியில்லாதது. தேர்வு மாதத்தில் வேலை நேரத்தைக் குறைப்பார்கள், ஜனவரியில் கடைகள் ஆட்களை நிறுத்துவார்கள். அப்போது தவணை உங்கள் கணக்கிலிருந்து போகும். ஒரு மாதம் தவறினால் கறை படிவது உங்கள் பெயரில்.

ஆகவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அவனிடமிருந்து ஒரு காசும் வராவிட்டாலும், வீட்டுக் கடன், தண்ணீர், மின்சாரம், தங்கையின் பள்ளிச் செலவு எல்லாம் போக அந்தத் தவணையை நீங்கள் மூச்சுத் திணறாமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் கொடுங்கள். முடியாது என்றால், அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கணவனும் மனைவியும் சொத்தைப் பொதுவாக வைத்து மணந்தவர்கள் என்றால் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் சத்தமில்லாமல் கையெழுத்துப் போடுகிற விஷயம் இல்லை இது.

எதிர்த்துக் கேட்கத் தெரியாத தாத்தாவை ஷூரிட்டிக்கு, அதாவது கடனுக்கு ஜாமீன் போட, கூட்டிக்கொண்டு வந்த பேரன்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். பென்ஷனை நம்பி வாழ்கிறவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

சரி, சேர்த்தே வாங்குகிறேன். எவ்வளவு சேரும்?

வீட்டில் தங்கிப் படிக்கிறவர் மாதம் 1,200 ரேண்ட் ஒதுக்க முடியும் என்று வைப்போம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி கிடைத்தால் மூன்று வருடத்தில் ஏறத்தாழ 48,000. மூன்று டிசம்பரிலும் முழு நேர வேலை பார்த்துத் தலா 3,000 கூடுதலாகப் போட்டால் 57,000. பட்டம் வாங்கும் நேரத்தில் கடன் இல்லாத ஒரு கார் வாசலில் நிற்கும்.

பணத்தைக் கார்டு கணக்கிலேயே விடாதீர்கள், கரைந்துவிடும். 32 நாள் அறிவிப்புக் கணக்கு நல்லது. எடுக்க வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னே சொல்ல வேண்டும் என்பதே ஒரு தடுப்பு. வட்டிக்கு வரி வருமோ என்று பயப்பட வேண்டாம், ஆண்டுக்கு 23,800 ரேண்ட் வரை வட்டிக்கு வரி இல்லை. வரியில்லாச் சேமிப்புக் கணக்கைக் காருக்குத் தொடாதீர்கள். அதில் வாழ்நாளுக்கு 5 லட்சம்தான் போட முடியும், எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டாலும் புதிதாகப் போட்டதாகவே கணக்கு. ஸ்டாக்வெல் எனும் கூட்டுச் சேமிப்புக் குழுவில் சேருவதென்றால் நேரில் தெரிந்தவர்களோடு மட்டும்.

50,000, 60,000 ரேண்டுக்கு என்ன வண்டி கிடைக்கும்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நம் ஊரிலேயே, ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில், 1996 முதல் 2006 வரை செய்த டாஸ். பாகம் எங்கும் கிடைக்கும், தெருவுக்குத் தெரு அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் உண்டு. 2009 வரை ஈஸ்டர்ன் கேப்பில் செய்த சிட்டி கோல்ஃப் இன்னொன்று, ஜி.டி.ஐ. கனவு காண்கிறவருக்கு அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. இரண்டையும் நேசிக்கிறேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: இவற்றில் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. திருடர்களுக்கும் பிடித்த வண்டிகள், கியர் பூட்டு இல்லாமல் தெருவில் நிறுத்தாதீர்கள். இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்ட வேண்டியவர் என்றால், இன்னும் ஆறேழு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து, ஏர்பேக் உள்ள பழைய ஹூண்டாய் ஐ10 அல்லது அதற்கு நிகரான ஒன்றைப் பாருங்கள். ஹூண்டாயின் சின்ன வண்டிகள் பல சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் செய்து இங்கே கப்பலில் வந்தவை. 1860-இல் நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய அதே துறைமுகத்தில் இன்று அந்தப் பக்கத்துக் கார் இறங்குவதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பகலில் போங்கள், மழையில் போகாதீர்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரேண்ட் வீண் இல்லை.

டர்பனில் முதல் எதிரி கடல் காற்று. ப்ளஃப், இஸிபிங்கோ பக்கம் வருடக்கணக்கில் வெளியே நின்ற வண்டியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே அரித்திருக்கும். டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்குங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியின் அடித்தகட்டை விரலால் அழுத்துங்கள். பழுப்புத் துகள் ஒட்டினால் பரவாயில்லை. தகடு உள்வாங்கினால் வேண்டாம். பின் சக்கர வளைவின் உள் விளிம்பையும், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பையும் அப்படியே தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, வெள்ளத்தில் மூழ்கிய கார். 2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கும்; டொயோட்டா ஆலையே தண்ணீரில் நின்றது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கோடு இருந்தாலோ, முகப்பு விளக்குக்குள் நீராவி படிந்திருந்தாலோ, கம்பளத்தில் ஈர வாசனைக்கு மேல் வாசனைத் திரவியம் அடித்திருந்தாலோ, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

என்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். டாஸ் என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்து விலையைக் குறையுங்கள்.

காகிதம் இன்னும் முக்கியம். பதிவுச் சான்றிதழில் 'ஓனர்' ஒருவர், 'டைட்டில் ஹோல்டர்' ஒருவர் என்று இரண்டு பெயர் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று பொருள்; விற்பவருக்கு அதை விற்க உரிமையில்லை. வங்கியின் செட்டில்மென்ட் கடிதம் வந்து, கடன் முடிந்த பிறகுதான் உங்கள் பணம் நகர வேண்டும். வண்டியின் அடையாளமான வி.ஐ.என். எண்ணும் என்ஜின் எண்ணும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 'கோட் 3' என்று இருந்தால் விபத்தில் நொறுங்கித் திரும்பக் கட்டிய வண்டி, இன்சூரன்ஸும் லோனும் கிடைப்பது கடினம். 'கோட் 4' என்றால் அது சாலைக்கே வரக்கூடாது.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்றிதழை யார் எடுப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எடுத்த 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் மாற்ற 21 நாள் அவகாசம்.

துறைமுகத்தில் இறங்கிய ஜப்பான் கார் பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே?

வாங்காதீர்கள். டர்பனில் இறங்கும் பழைய ஜப்பான் கார்கள் அண்டை நாடுகளுக்குப் போகிறவை. சாதாரணமாக ஒருவர் பழைய காரை இங்கே இறக்குமதி செய்து பதிவு செய்ய முடியாது. யாரோ எப்படியோ நம்பர் பிளேட் போட்டுக் கொடுத்தாலும், பிடிபட்ட அன்று கார் போகும், பணமும் போகும்.

டீலரிடம் வாங்குவதா, தனி ஆளிடமா?

தனி ஆளிடம் விலை குறைவு, பாதுகாப்பும் குறைவு. 'வூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதி விற்றால், உள்ளபடியே எடுத்துக்கொண்டீர்கள் என்று பொருள். குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி. டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறைக்கு அவர் பொறுப்பு. பழுது பார்க்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். மறுத்தால், புகார்களை விசாரிக்கும் மோட்டார் துறை ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். மனம் மாறியது என்பதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது.

என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். எனும் அரசு மாணவர் உதவிப் பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமா?

கூடாது. அது படிப்புக்காக வந்த பணம்.

காரை வைத்தே சம்பாதித்துத் தவணை கட்டினால்?

ஆள் ஏற்றும் ஆப்-களில் ஓட்ட பி.டி.பி. எனும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதற்கு 21 வயது ஆக வேண்டும், இயக்க உரிமமும் வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்ய அந்த 21 வயதுத் தடை இல்லை, ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் தனிப்பட்ட பயனுக்கு மட்டும் என்றிருந்தால் டெலிவரி நேரத்தில் நடந்த விபத்துக்குப் பணம் வராது. கம்பெனியிடம் சொல்லி வணிகப் பயனுக்கு மாற்றுங்கள், பிரீமியம் ஏறும். அதையும் தேய்மானத்தையும் கழித்துப் பார்த்தால் பலருக்கு மிஞ்சுவது கடைச் சம்பளத்தைவிடக் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கிறேன். எனக்கு?

படிப்பு விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். லோனை மறந்துவிடுங்கள். ரொக்கத்தில் வாங்கலாம், இங்கே அடையாள எண் இல்லாததால், முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் வாங்கினால்தான் உங்கள் பெயரில் கார் பதிவாகும். ஊருக்குத் திரும்பும்போது அவசரத்தில் விற்க நேரும் என்பதையும் விலையில் சேர்த்து யோசியுங்கள்.

வாங்கிவிட்டேன், இப்போது தவணை கட்ட முடியவில்லை. என்ன செய்வது?

முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போன் செய்யுங்கள். ஒளிந்துகொள்ளாதீர்கள், எண்ணை மாற்றாதீர்கள். வழக்குப் போடும் முன் வங்கி 129-ஆம் பிரிவின் கீழ் கடிதம் அனுப்பும். அந்தக் கடிதத்தில் கடன் ஆலோசகரிடம் போகும் வழியும் இருக்கும், அதைப் பிரிக்காமல் டிராயரில் போடுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். 127-ஆம் பிரிவின் கீழ் காரை நீங்களே ஒப்படைக்கலாம். ஆனால் ஏலத்தில் வந்த விலை போக மீதிக் கடன் உங்களுடையதே. கார் இல்லாமல் கடன் மட்டும் கட்டுவது அப்படித்தான் வருகிறது. ஒப்படைக்கும் முன், வங்கியின் அனுமதியோடு நீங்களே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க முடியுமா என்று முதலில் முயலுங்கள்.

கடன் வரலாறு இல்லை என்கிறார்கள். அதை எப்படி உண்டாக்குவது?

படிக்கும்போதே, சின்னதாக ஒரு கணக்கு போதும். உங்கள் பெயரில் ஒரு செல்போன் கான்ட்ராக்ட், மாதம் தவறாமல் கட்டியது. துணிக்கடைக் கணக்குகள் நான்கைந்து திறக்காதீர்கள், வட்டி கடுமை. ஒரே வாரத்தில் பல இடத்தில் லோன் மனுப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் பதிவாகும். கடன் தகவல் நிறுவனங்களிடம் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நீங்கள் எடுக்காத கடன் அதில் இருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

அப்படியென்றால் ஜி.டி.ஐ. எப்போதுதான்?

பட்டம் முடிந்து நிரந்தர வேலையில் சேர்ந்த பிறகு. அதுவரை ஓட்டிய டாஸை விற்ற பணமும் அதற்குப் பின் சேர்த்ததும் சேர்ந்து ஒரு லட்சம் முன்பணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 3 லட்சம் ரேண்ட் கார், 2 லட்சம் கடன், 12 சதவீதம், 60 மாதம், பலூன் இல்லை. தவணை 4,449. வட்டி மொத்தம் ஏறத்தாழ 67,000. முன்பு 1,22,000, பலூனோடு 1,50,000 என்று பார்த்தோமே, அதோடு ஒப்பிடுங்கள். அதற்குள் லைசென்ஸுக்கும் நான்கைந்து வயது ஆகியிருக்கும், இன்சூரன்ஸும் இறங்கியிருக்கும்.

வாங்கும் முன் ஆறு மாதம் இப்படிச் செய்யுங்கள். தவணை, உங்களுக்குச் சொன்ன இன்சூரன்ஸ் விலை, பெட்ரோல், டயருக்கும் சர்வீஸுக்கும் ஒரு தொகை எல்லாவற்றையும் கூட்டி, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மொத்தம் 8,000 வருகிறது என்றால் 8,000. மீதியில் வீட்டுக்குக் கொடுப்பது கொடுத்து, தீபாவளியும் ஒரு கல்யாணமும் தாண்டி, எங்கும் கைநீட்டாமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டீர்களானால் அந்தக் காரை உங்களால் வைத்துக்கொள்ள முடியும். அந்தக் கணக்கில் 48,000 ரேண்டும் இருக்கும். அதையும் முன்பணத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். தவணை இன்னும் ஆயிரத்துக்கு மேல் இறங்கும்.